அக்காவுக்குக் குறைந்த ஒரு கிரெடிட்

என் அக்கா பி.எஸ்சி. கணிதம் படித்தாள். எழுதிய எல்லாத் தாளிலும் பாஸ். பட்டம் மட்டும் இல்லை. இதைச் சொன்னால் கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். "ஏதாவது அரியர் இருந்திருக்கும், வெளியே சொல்லியிருக்க மாட்டாள்" என்பார்கள். படித்தவர்கள்தான் இதை அதிகம் சொல்வது. அவர்களுக்குப் பொறுமையாக விளக்கத் தொடங்கி, பாதியில் எரிச்சல் வந்து நிறுத்திவிடுவேன். இங்கே ஒரு தடவையாவது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் திருச்சுழிப் பக்கம். மானாவாரிக் காடு. ஐப்பசி மழையை நம்பிக் கம்பும் உளுந்தும் மிளகாயும் போடுகிற குடும்பம். அக்கா எனக்கு இரண்டு வயது மூத்தவள். நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் இடம் பாதி நாள் காலியாகவே கிடக்கும். பி.எட். முடித்து அந்த இடத்தில் தான் வந்து உட்காருவது என்று அக்கா எட்டாம் வகுப்பிலேயே முடிவு செய்துவிட்டாள். பிளஸ் டூவில் அவள் கணக்கில் வாங்கிய மார்க்கைப் பார்த்துவிட்டு, அப்பா அவளை மதுரையில் ஒரு பெரிய கல்லூரியில் சேர்த்து விடுதியில் விட்டார். எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணையும் அப்படி வெளியூரில் விட்டுப் படிக்க வைத்ததில்லை. அப்பாவுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்தபோது அப்பா குழம்பிப்போனார். பத்துக்கு ஒன்பது புள்ளி ஒன்று என்று வந்திருந்தது.

"நூத்துக்கு எம்புட்டு, அதச் சொல்லுத்தா" என்றார்.

அக்கா விடுமுறைக்கு வந்திருந்தாள். முற்றத்தில் மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. அதைக் காட்டியே சொன்னாள். "நம்ம வத்தல் மூடைய கமிஷன் கடையில போட்டா எடை ஒண்ணு பாப்பாக, ரகம் ஒண்ணு பாப்பாக இல்லப்பா? கிரெடிட்டுங்கறது எடை. வாரத்துக்கு அஞ்சாறு மணி நேரம் நடத்துற பாடத்துக்கு எடை கூட, ரெண்டு மணி நேரத்துப் பாடத்துக்குக் கம்மி. கிரேடுங்கறது ரகம். ஒவ்வொரு பாடத்துக்கும் ரெண்டையும் பெருக்கி, எல்லாத்தையும் கூட்டி, மொத்த எடையால வகுத்தா இந்த நம்பரு வரும்."

"அப்ப கனமான மூடையில நல்ல வத்தலாப் போடணும்" என்றார் அப்பா.

"அதேதான். ஆனா சின்ன மூடையவும் விட்டுறக் கூடாது. மொத்த எடை இம்புட்டு வந்தாத்தான் பட்டம்னு வச்சிருக்காக. ஒரு கிலோ குறைஞ்சாலும் கெடையாது."

அப்பா இதை டீக்கடையில் போய் எல்லோருக்கும் விளக்கினார். மூன்றாவது ஆளுக்குச் சொல்லும்போது ரகமும் எடையும் இடம் மாறிவிட்டன என்று சித்தப்பா வந்து சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சின்ன மூடையைப் பற்றி அக்கா சொன்னது மட்டும் எங்கள் யார் மனதிலும் நிற்கவில்லை.

சின்ன மூடைகளில் ஒன்று, விரிவாக்கப் பணி. பரீட்சை கிடையாது. மாணவர்கள் ஒரு கிராமத்தில் ஏழு நாள் தங்கி ஊருக்கு வேலை செய்ய வேண்டும். அந்தக் கேம்ப்புக்கு ஒரு கிரெடிட். அக்கா இரண்டாம் வருடம் மாசி மாதத்தில் போனாள். அவர்கள் கல்லூரி தேர்ந்தெடுத்தது எங்கள் ஊரிலிருந்து இரண்டு ஊர் தள்ளி ஒரு ஊருணியை. சீமைக் கருவேலத்தை வெட்டி, மண் அள்ளி, கரை போட்டார்கள். அக்கா மண்சட்டி தூக்குவதைப் பார்த்துக் கூட வந்த மதுரைப் பெண்கள் அசந்துபோனார்களாம். அவளுக்கு அது புதிதா என்ன! பிறந்ததிலிருந்து சும்மா தூக்கிய மண்ணுக்கு இல்லாத கிரெடிட்டை, ஏழு நாள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு தூக்கியதற்குத் தருகிறார்கள் என்று சொல்லிச் சிரித்தாள். அந்தக் கல்லூரியில் இந்தக் கிரெடிட்டை உடனே மாணவியின் கணக்கில் ஏற்ற மாட்டார்கள். மூன்றாம் வருடக் கடைசியில் மொத்தமாகத்தான் ஏற்றுவார்கள். அது அவளுக்குத் தெரியும். ஆனால் அப்போது அதில் பயப்பட ஒன்றும் இல்லை.

அடுத்த மாதமே மாப்பிள்ளை வந்தது. பாலவனத்தம் பக்கம் ஒரு ஊர். எங்களைப் போலவே காடு கரை உள்ள குடும்பம். மாப்பிள்ளை அருப்புக்கோட்டையில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். நல்ல மனுஷன், இன்றைக்கும் நல்ல மனுஷன்தான். பரிசம் போட்ட அன்று, தட்டு மாற்றுவதற்கு முன்னால் அப்பா சபையில் எழுந்து நின்றார்.

"எம்மகளுக்கு இன்னும் ஒரு வருசப் படிப்பு கெடக்கு. அத முடிக்க விடுறேன்னு சபையில சொல்லணும். வேற ஒண்ணும் நான் கேக்கல" என்றார்.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். "அதுக்கென்ன சம்மந்தி, எங்க ஊருல இருந்து அருப்புக்கோட்டைக்கு மணிக்கு ஒரு பஸ்ஸு. மதுரையில டி.சி.ய வாங்கிட்டு வந்து இங்கிட்டு காலேஜில சேத்து விட்டுருவோம். புள்ள வீட்டுல இருந்தே போயிட்டு வரட்டும்."

சபை மொத்தமும் ஆமாம் என்றது. எங்கள் பக்கத்தில் சபையில் கொடுத்த வாக்கு என்றால் அதை மீற மாட்டார்கள். அவர்களும் மீறவில்லை. கடைசி வரைக்கும் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை. பட்டம் போனது வேறு இடத்தில். டி.சி. வாங்கினால் போதும் என்று அன்று சபையில் இருந்த அத்தனை பேரும் நம்பினோமே, அங்கேதான் போனது. பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே. காரியாபட்டியில் ஏழாம் வகுப்புப் படித்த பிள்ளை டி.சி.யோடு வந்தால் திருச்சுழியில் எட்டாம் வகுப்பில் உட்கார வைப்பார்கள். ஏழாம் வகுப்பில் என்ன படித்தாய் என்று யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். எங்களுக்குத் தெரிந்த ஊர் மாற்றம் அது ஒன்றுதான்.

நான்காம் செமஸ்டர் பரீட்சை முடிந்தது. வைகாசியில் முகூர்த்தம். கல்யாணச் சேலை எடுக்க வேன் பிடித்து மதுரைக்குப் போனோம். போகிற வழியில் கல்லூரியில் இறங்கி டி.சி.யையும் வாங்கிவிடுவது என்று அப்பா திட்டம் போட்டிருந்தார். ஒரே செலவில் இரண்டு வேலை. வேனில் பத்துப் பதினைந்து பேர் காத்திருக்க, அப்பாவும் அக்காவும் உள்ளே போனார்கள். வேறு கல்லூரிக்கு மாறுவதாக யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணம், அதனால் டி.சி. வேண்டும் என்றார்கள். அலுவலகத்தில் இருந்தவர்கள் பாவம், வருடத்துக்கு எத்தனை கல்யாணப் பெண்களைப் பார்த்திருப்பார்கள். 'படிப்பை இடையில் நிறுத்திக்கொண்டார்' என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் பட்டுச் சேலை எடுத்தாயிற்று. அரக்கு நிறம். அக்காவுக்கு அது நன்றாக இருந்தது.

இப்போது நானே அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். கல்லூரி மாறுவது எப்படி என்று மாணவிகள் கேட்டால் முதலில் நான் சொல்வது, டி.சி.யைத் தொடாதே என்பதுதான். எந்தக் கல்லூரிக்குப் போகிறாயோ அங்கே உன் பாடத்திட்டத்தைக் கொண்டுபோய்க் காட்டு. எதையெல்லாம் ஏற்றுக்கொள்வார்கள், எதை மறுபடி எழுத வேண்டும் என்று எழுத்தில் வாங்கு. இரண்டு கல்லூரியும் சம்மதம் சொல்லி, பல்கலைக்கழகம் தலையாட்டிய பிறகு, ஏற்ற வேண்டிய கிரெடிட்டை எல்லாம் ஏற்றச் சொல்லிவிட்டு, கடைசியில் வாங்க வேண்டியது டி.சி. நாங்கள் அதைத்தான் முதலில் வாங்கினோம், அதுவும் சேலைக்கடைக்குப் போகிற அவசரத்தில்.

அக்காவுக்குக் கல்யாணமான அந்த வருடம்தான் நானும் அருப்புக்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்தேன். அக்காவையும் அதே கல்லூரியில் சேர்க்க அப்பாவும் அத்தானும் நானும் அவளோடு போனோம். கல்லூரி முதல்வர் அறைக்கு வெளியே இருந்த கண்காணிப்பாளர் டி.சி.யை ஒரு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நிறுத்திட்டதா எழுதியிருக்கேம்மா" என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார். மதுரைக் கல்லூரியும் இதுவும் தன்னாட்சிக் கல்லூரிகள். அவரவர் பாடத்திட்டத்தை அவரவரே போட்டுக்கொள்வார்கள். ஆகவே அங்கே படித்த ஒவ்வொரு தாளையும் இங்கே உள்ள தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பொருந்தினால் அந்தக் கிரெடிட் வரும். பொருந்தாவிட்டால் இங்கே உள்ள தாளை எழுத வேண்டும்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "காரியாபட்டியில எடை போட்ட மூடைய அருப்புக்கோட்டையில திரும்பப் பிரிச்சு எடை போடுவாகளா சார்?"

"போடுவாகப்பா" என்றாள் அக்கா மெதுவாக.

பிரித்துப் போட்டார்கள். மதுரையில் அவள் துணைப்பாடமாகப் படித்தது இயற்பியல். இங்கே புள்ளியியல். ஆகவே இரண்டு தாள் புள்ளியியல் எழுத வேண்டும். வேறு இரண்டு சின்னத் தாள்களும் பொருந்தவில்லை. மற்ற கணிதத் தாள்கள் எல்லாம் வந்தன. ஆனால் எப்படி வந்தன? கிரெடிட் வந்தது, கிரேடு வரவில்லை. அந்தத் தாள்களுக்கு நேரே 'மாற்றம்' என்று ஒரு சொல்தான் இருக்கும். தேர்ச்சி என்று அர்த்தம். சராசரியில் சேராது. நுண்கணிதத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வாங்கிய மார்க்கும், வேறொருத்தி தட்டுத் தடுமாறிப் பாஸானதும் அந்தச் சொல்லுக்குள் ஒன்றுதான். எடையை எடுத்துக்கொண்டு ரகத்தைக் கீழே கொட்டிவிட்டார்கள் என்று அப்பா சொன்னார். அதைத் திருத்த எனக்கு இன்றுவரை வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

அக்கா அழவில்லை. "சரி, மிச்சமுள்ள ரெண்டு செமஸ்டர்ல பாத்துக்கிடுறேன்" என்றாள்.

அந்த இரண்டு செமஸ்டரை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நான் திருச்சுழி பஸ்ஸில் வந்து இறங்குவேன். அவள் பாலவனத்தம் பக்கமிருந்து வருவாள். மத்தியானம் கல்லூரி வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸை மாற்றிக்கொள்வோம். அவளுக்கு அம்மா செய்தது, எனக்கு அவள் மாமியார் செய்தது. அந்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. மழை பெய்தால் ஐப்பசி, கார்த்திகையில் களை எடுக்க ஆள் பற்றாது. ஐந்தாம் செமஸ்டர் பரீட்சை வருவதும் அப்போதுதான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் மார்க்கைப் பார்த்தே எந்த வருடம் மழை பெய்தது என்று சொல்லிவிடலாம். அவளை யாரும் காட்டுக்கு வா என்று கூப்பிடவில்லை. ஆனால் மாமியார் விடியும் முன்னே களைக்கொட்டோடு கிளம்பும்போது மருமகள் புள்ளியியல் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார முடியுமா? அவளே போனாள். வயிற்றில் பிள்ளையும் இருந்தது. அதோடு தன் தாள்களையும் கூடுதல் தாள்களையும் எழுதி எல்லாவற்றிலும் பாஸானாள். கிரேடு மட்டும் இறங்கியது. மதுரையில் ஒன்பதுக்கு மேல் வாங்கியவளின் சராசரி இப்போது ஏழைத் தொட்டுத் தடவி நின்றது. நல்ல நாளில் எழுதியது எதுவும் கணக்கில் இல்லை, கஷ்டப்பட்ட நாளில் எழுதியது மட்டும் இருந்தது.

அந்த ஒரு கிரெடிட் ஞாபகம் வந்தது தை மாதத்தில்தான். விரிவாக்கப் பணி பட்டியலில் இல்லையே என்று அக்கா போய்க் கேட்டாள். மதுரையில் ஏற்றாத கிரெடிட் எப்படி இங்கே வரும் என்றார்கள். அவளும் நானும் மதுரைக்கே போனோம். கேம்ப் நடத்திய மேடத்துக்கு அக்காவை நன்றாக நினைவிருந்தது. மண்சட்டிப் பெண் என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் பெயரை நீக்கிவிட்ட மாணவிக்கு எதையும் ஏற்ற முடியாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். "போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே ஏத்தச் சொல்லியிருப்பேனே" என்று மேடம் வருத்தப்பட்டார். சிறப்பாகச் சேவை செய்தாள் என்று ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். நல்ல தமிழில் அழகாக எழுதியிருந்தார். அதற்கு எங்கும் எடை இல்லை.

வேறு வழியில்லை, இங்கே ஒரு கேம்ப் போக வேண்டும். இங்கேயும் மாசியில்தான் கேம்ப். அந்த வாரம்தான் அக்காவுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. அப்படியே இல்லாவிட்டாலும் வயிற்றுப் பிள்ளைக்காரியை யார் மண் சுமக்க விடுவார்கள்? "உக்காந்து செய்யிற வேலையாக் குடுங்க சார், எழுதுற வேலை, கணக்கு வேலை" என்று அக்கா கேட்டுப் பார்த்தாள். பொறுப்பாசிரியர் கெட்டவர் இல்லை. ராத்திரி அங்கேயே தங்கினால்தான் கணக்கு, அந்தக் கிராமத்தில் ஆஸ்பத்திரி கிடையாது, ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று பயந்தார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் பயந்திருப்பேன். "அடுத்த வருசம் வாம்மா, ஒரு கிரெடிட்டுதான, எங்க போயிரப் போகுது" என்றார். கையில் புது வளையல்களோடு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, நிறைமாதத்தில் ஆறாம் செமஸ்டர் எழுதினாள். எல்லாம் பாஸ்.

அடுத்த வருடம் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த வருடம் எல்லாம் கூடி வந்தது. பிள்ளையை அம்மா பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அத்தான் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தார். கேம்ப்புக்கு இரண்டு வாரம் இருக்கையில் தேர்தல் அறிவித்தார்கள். கேம்ப் தங்கவிருந்த பள்ளிக்கூடம் வாக்குச்சாவடி. அடுத்த கல்வியாண்டு தொடக்கத்தில் நடத்திக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார்கள்.

ஆடி மாதம் அந்தக் கேம்ப் வந்தது. நான் அதே கல்லூரியில் எம்.எஸ்சி. சேர்ந்திருந்தேன். அக்கா பையோடு பஸ்ஸில் வந்து இறங்கியதைப் பார்த்தேன். போர்வை, தட்டு, டம்ளர், டார்ச் லைட், பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு பை நிறைய முறுக்கு. சந்தோஷமாக இருந்தாள். என்னை விட்டுவிட்டு விடுவிடுவென்று அலுவலகத்துக்குள் போனாள்.

வெளியே வர ரொம்ப நேரமானது. மூன்று வருடப் படிப்பை ஐந்து வருடத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒரு விதி. அது எங்களுக்கும் தெரியும். அருப்புக்கோட்டையில் சேர்ந்த நாளிலிருந்து நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். அவர்களோ மதுரையில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணினார்கள். கிரேடு மாறி வராது, கேம்ப் மாறி வராது, ஆனால் கழிந்துபோன இரண்டு வருடம் மட்டும் ஒழுங்காக மாறி வந்திருந்தது. ஐந்து வருடம் போன சித்திரையோடு முடிந்துவிட்டது.

"கேம்ப்புக்கு வரலாமாம். கிரெடிட்டு ஏறாதாம்" என்றாள் அக்கா. முறுக்குப் பையை என் கையில் கொடுத்தாள். "உன் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குடுத்துரு. நான் அடுத்த பஸ்ஸுக்குப் போறேன்."

அப்புறமும் நாங்கள் விடவில்லை. பழைய மாணவர்களுக்கு அரியர் எழுதக் கருணை வாய்ப்பு என்று பல்கலைக்கழகத்தில் ஒரு தடவை அறிவித்தார்கள். ஓடினோம். அது தோற்ற தாள்களுக்கு. கேம்ப் என்பது தாள் இல்லை. தோற்றவர்களுக்குக் கருணை இருந்தது. என் அக்காதான் எதிலும் தோற்கவில்லையே, அவளுக்கு எதற்குக் கருணை? தொலைநிலைக் கல்வியில் முதலிலிருந்து சேர் என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "எதுல தோத்தேன்னு மறுபடியும் எழுதச் சொல்ற?" என்று ஒரே கேள்வி கேட்பாள்.

அப்பா என் விஷயத்தில் உஷாராகிவிட்டார். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் சபை, வாக்கு என்று எதுவும் பேசவில்லை. "சின்னவ கடைசிச் சான்றிதழ வாங்கிக் கையில தரட்டும், அப்புறம் தட்டு மாத்துறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் ஒரே கல்லூரியில், ஒரே மூச்சில் படித்து முடித்தேன். என் பட்டத்தை அக்காதான் வாங்கிக் கொடுத்தாள் என்று சொன்னால் அது வெறும் பேச்சு இல்லை. அப்பா இன்றைக்கும் திடீர் திடீரென்று, "சேலைய அடுத்த வாரம் எடுத்திருக்கலாம்" என்பார்.

இப்போது காலம் மாறிவிட்டது. கிரெடிட்டுகளைப் போட்டு வைக்கவே வங்கி மாதிரி ஒன்று வந்திருக்கிறது. ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு எண். படித்து முடித்த கிரெடிட் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும், கல்லூரி மாறினாலும் கூடவே வரும் என்கிறார்கள். எங்கள் துறைப் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுப்பது என் வேலை. போன வருடம் அக்கா வீட்டுக்கு வந்திருந்தபோது நான் போனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கும் ஒண்ணு ஆரம்பிச்சுத் தாடி" என்றாள்.

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நானும் விளையாட்டாகத்தான் தொடங்கினேன். கணக்கு திறந்தது. மொத்தக் கிரெடிட் பூஜ்யம் என்று காட்டியது. அக்கா அதை எட்டிப் பார்த்தாள். பிறகு அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்து எழுந்து போனாள்.

அக்கா இப்போது அவர்கள் ஊரில் நூறு நாள் வேலையில் ஆட்களுக்கு வருகை போடும் பொறுப்பில் இருக்கிறாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் இடம் இப்போதும் பாதி நாள் காலிதான். நான் எங்கள் கல்லூரியில் கேம்ப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டேன். யாரும் விரும்பி எடுக்காத வேலை அது. நான் கேட்டு வாங்கினேன். இந்த வருடம் கேம்ப்பை அக்கா ஊரிலேயே போட்டேன். அங்கே ஊருணி தூர்ந்து கிடந்தது, அது உண்மையான காரணம்.

ஏழு நாளும் அக்கா எங்களோடு இருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. காலையில் பிள்ளைகளோடு நின்று மண்சட்டியை எப்படி இடுப்பில் ஏந்துவது, எப்படித் தலைக்கு ஏற்றுவது என்று காட்டினாள். பத்து மணிக்கு மேல் பள்ளிக்கூட வராந்தாவில் எல்லோருக்கும் உலை வைத்தாள். ராத்திரி வீட்டுக்குப் போகச் சொன்னாலும் போகாமல் பெண் பிள்ளைகளோடு பாய் விரித்துப் படுத்தாள். அத்தான் தினமும் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

மூன்றாம் நாள் ஒரு மாணவியைக் கூட்டிப்போக அவள் வீட்டுக்காரர் வந்தார். போன மாதம்தான் கல்யாணமானவள். மறுவீட்டு விருந்து, பெரியவர்கள் தேதி குறித்துவிட்டார்கள், போய்த்தான் ஆக வேண்டும். அந்தப் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றது. போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பி வந்தாள். இறுதியாண்டு மாணவி.

கடைசி நாள் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, வராந்தாவில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஒவ்வொருவருக்காகக் கிரெடிட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் பெயர் வந்ததும் கை நின்றது. ஏழு நாள் முழுதாக இருந்தால்தான் ஏற்றலாம். விதி தெளிவாக இருக்கிறது. அதே விதியை வைத்துத்தான் ஒரு காலத்தில் எங்களையும் திருப்பி அனுப்பினார்கள். அது தவறு என்று அன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள். அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

"யாருக்கு? அந்த மறுவீட்டுக்குப் போன புள்ளைக்கா?"

"ஆமாக்கா. ரெண்டு நாள் குறையுது."

"அடுத்த வருசம் வரச் சொல்லப் போறியா?"

நான் பட்டியலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"ஏடி" என்றாள். "நான் ஏழு நாளும் இருந்தேன்ல. எனக்கு அது எங்கயும் ஏறப் போறதில்ல. அதுல ரெண்டு நாள எடுத்து அவளுக்குப் போடு."

சொல்லிவிட்டு அவள் உலைமூடியை எடுக்கப் போய்விட்டாள். அவள் கேலிக்குச் சொல்லவில்லை. கணக்குப் படித்தவள், சரியாகத்தான் கணக்குப் பார்த்துச் சொன்னாள். யாரிடமிருந்து யாருக்கு என்று கேட்கிற கட்டம் எதுவும் அந்தத் திரையில் இல்லை. நான் அந்தப் பெண்ணுக்கு ஏழு நாள் என்று போட்டு, ஒரு கிரெடிட்டை ஏற்றினேன். அக்காவுக்கு இன்னும் ஐந்து நாள் மீதி இருந்தது.